பெரிய பிட்யூட்டரி கட்டியை மூக்கு வழியாக எடுப்பது ஏன்?

பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால் இருக்கும் பட்டாணியளவு சுரப்பி. அதில் வரும் கட்டி 1 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் பெரிய கட்டி என்பார்கள். சுரப்பிக்கு மேலேதான் பார்வை நரம்புகள் குறுக்கிடுகின்றன. கட்டி அங்கே முட்டினால் பக்கப் பார்வை மங்கும்: கொழுந்து பறிப்பவருக்கு நேரே உள்ள செடி தெரியும், பக்கத்து நிரையில் நிற்பவர் தெரியமாட்டார். வயசாகிவிட்டது என்று கண்ணாடியை மாற்றிக்கொண்டே காலம் போய்விடும்.

சரி, ஏன் மூக்கு? ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகும் ரயில் சிங்கமலைமேல் ஏறி இறங்குவதில்லை, சுரங்கத்துக்குள் புகுந்துவிடுகிறது. மூக்குக்குப் பின்னால் காற்று நிரம்பிய எலும்பறை ஒன்று உண்டு. அதன் மெல்லிய பின்சுவரைத் திறந்தால் கட்டி. மூளையை விலக்கத் தேவையில்லை. பெரும்பாலான கட்டிகள் தயிர்போல மென்மையானவை, வழித்தெடுக்கலாம். அடிப்பகுதி காலியானதும் மேற்பகுதி தானே கீழிறங்கும். கட்டி பக்கவாட்டில் வெகுதூரம் பரவியிருந்தால் மண்டையோட்டைத் திறக்க நேரும். சிலருக்கு இரண்டு வழியும். புரோலக்டின் என்ற, தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹோர்மோனைச் சுரக்கும் கட்டி என்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கும், அதனால் முதலில் இரத்தப் பரிசோதனை.

அப்புறம், தலைக்குள் கட்டி என்றாலே புற்றுநோய் என்று பயந்துவிடுகிறார்கள். பிட்யூட்டரி கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.