38 வயதில் மருத்துவம்: முற்பணம் கட்டுவதற்கு முன்

வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்புவதாகச் சொல்லி முற்பணம் கேட்கும் ஏஜென்சி பற்றி எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு அந்த ஏஜென்சிக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். உங்கள் வயது இதில் தடையே இல்லை, உயர்தரத்தில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளிப் படிப்பில்) வர்த்தகப் பிரிவு படித்ததுதான் சிக்கல்.

"உயிரியல் தேவையில்லை, அடிப்படைப் படிப்பு ஒரு வருடம் செய்தால் சேர்த்துக்கொள்வார்கள்" என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த நாட்டுப் பல்கலைக்கழகம் உங்களைச் சேர்த்துக்கொள்வது வேறு, படித்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பியதும் இலங்கை மருத்துவச் சபை உங்களை மருத்துவராகப் பதிவுசெய்வது வேறு. சபை உங்கள் உயர்தரப் பாடங்களையும் பார்க்கும், அந்தப் பல்கலைக்கழகம் தன் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்கும். அப்புறம் பதிவுக்கான பரீட்சை, அதற்குப் பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி.

ஒரு நாள் லீவு போட்டு, உயர்தரச் சான்றிதழோடும் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரோடும் நொரிஸ் கெனல் வீதியில் இருக்கும் சபை அலுவலகத்துக்கே போய், "இந்தப் பெறுபேற்றோடு அங்கே படித்தால் பதிவு கிடைக்குமா?" என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். ஏஜென்சி வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவு எதற்கும் உதவாது.

இன்னொரு வழியாக, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் எடுத்து உயர்தரம் மறுபடி எழுதலாம். ஆனால் அரச மருத்துவ பீடத்துக்குக் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி) மிக உயரம். வேலையும் பார்த்துக்கொண்டு அதை எட்டுவது லேசில்லை. எல்லாம் சரியாக நடந்தாலும் நீங்கள் வார்ட்டில் இரவுக் கடமைக்கு நிற்கும்போது வயது 47, 48 ஆகியிருக்கும். அதுவரை வீட்டுக் கடனை யார் கட்டுவது என்று மனைவியோடு இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள்.