பழைய இஸ்வாராவில் கோளாறு: எதை மாற்றுவது என்பதற்கு முன், எப்போது வருகிறது என்று பாருங்கள்

கேள்வி: 1995ஆம் ஆண்டு புரோட்டோன் இஸ்வாரா கார் ஒன்றை மலிவாக வாங்கினேன். இன்ஜின் சூடேறுகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்டார்ட் ஆனாலும் முதலில் புகை கக்குகிறது. பட்டறை போர்மன் (மெக்கானிக்) ஒவ்வொரு தடவையும் ஒரு சாமானை மாற்றச் சொல்கிறார். கோளாறை நானே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இதே வகை இஸ்வாரா ஒன்றைப் பதினாறு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, தண்டம் கட்டிப் படித்தது.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், அக்காவை ஏற்றிக்கொண்டு தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்குப் போனேன். கோலகங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கத்தை நோக்கி ஏறும் மேட்டில் ஊசி சிவப்பைத் தொட்டது. பட்டறையில் ரேடியேட்டர் அடைத்துவிட்டது என்றார்கள், 380 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு வாரத்தில் மறுபடியும் கொதித்தது. காற்றாடி மோட்டாரை மாற்றினேன். அதற்குப் பிறகும் கொதித்தது. கடைசியில் கார்ச் சாமான் கடைத் தவுக்கே (முதலாளி) ஒருவர், காரைப் பார்க்காமலேயே, "நிற்கும்போது ஏறுகிறதா, ஓடும்போது ஏறுகிறதா?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யோசித்ததில்லை.

பிறகு வெளியே வந்து, ஆறிக் கிடந்த இன்ஜினில் ரிசர்வ் பாட்டிலைக் காட்டினார். கழுத்து வரை தண்ணீர். ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தால் மேலே மூன்று விரல் அளவுக்கு வெறுமை. மூடியைத் திருப்பி, அடியிலிருந்த ரப்பர் வளையத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். காய்ந்த கொட்டைப்பாக்குப் போல இருந்தது; ஓரத்தில் வெடிப்பு. புது ரேடியேட்டரின் தலையில் பழைய மூடியையே திருகி அனுப்பியிருந்தார்கள். புது மூடி 15 வெள்ளி. அதற்குப் பிறகு அந்த மேட்டில் ஊசி நடுவைத் தாண்டியதில்லை.

மூடியின் வேலை வெறுமனே மூடுவது அல்ல. சுமார் 0.9 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, கிட்டத்தட்ட 118 டிகிரி வரை தாங்கும். சூட்டில் பெருகி ரிசர்வ் பாட்டிலுக்குப் போன தண்ணீரை, ஆறும்போது திரும்ப இழுத்துக்கொள்ள விடுவதும் அதே மூடிதான். ரப்பர் செத்தால் இரண்டும் நின்றுவிடும். ஆகவே இரவெல்லாம் ஆறிய காரில் பாட்டில் நிரம்பியும் ரேடியேட்டர் குறைந்தும் இருந்தால், முதல் சந்தேகம் மூடி மீது விழட்டும். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள். என் இடது முன்னங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

மூடி நன்றாக இருந்தால் தவுக்கேயின் கேள்விக்கு வாருங்கள். சந்தையருகே நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறி, சாலையில் ஓடத் தொடங்கியதும் இறங்கினால், காற்றாடியையும் அதன் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடுகிறது அல்லவா? மாறாக மேட்டிலும் நெடுஞ்சாலையிலும் ஏறி, நின்றால் இறங்கினால், ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் பம்ப் ஆகியவற்றின் பக்கம் போங்கள். எப்போதும் ஏறி, தண்ணீரும் காரணமில்லாமல் குறைந்து, எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்ததுபோல் குழம்பாகப் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அப்படியென்றால் காரை ஓட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூடேறும் கார் வந்தால், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்துப் பட்டறைகள் சிலவற்றில் ஒரு வைத்தியம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நெடுஞ்சாலையில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும். பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும்.

மழைக்கால நோய்க்கு ஓர் இருட்டுச் சோதனை உண்டு. என் கார் தோட்டத்து லயத்து வாசலில் கூரையில்லாமல் நின்ற காலம். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் அம்மாவை இறக்கிவிட விடிகாலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருகுவேன். இன்ஜின் சுற்றும், பிடிக்காது. ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்து வைத்து, தம்பியைச் சாவியைத் திருகச் சொன்னேன். பிளக் வயர்களின் மேல் நீல நிறத்தில் பொறி நெளிந்து நெளிந்து ஓடியது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியாக இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. அப்படித் தெரிந்தால் வயர்களை மாற்றுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்கு உள்பக்கத்தில் முடி போன்ற கரிக்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அவசரத்துக்கு டபிள்யூடி-40 அடிக்கலாம். அந்தப் பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் ஈரத்தை விரட்டுவதைத்தான் குறிக்கின்றன. சோதிக்கும்போது வயரில் கை வைக்க வேண்டாம்.

இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் அது வேறு கதை. கடகடவென்று வேகமாகத் தட்டினால் பேட்டரி பலவீனம், அல்லது முனையில் வெள்ளைப் பூப்பு. வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, இறுக்கிப் பாருங்கள். ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு விளக்குகள் மங்காமல் இருந்தால் ஸ்டார்ட்டரைச் சந்தேகியுங்கள். இருபது வெள்ளி வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்ட வேண்டும். 12லேயே கிடந்தால் புது பேட்டரி வாங்கியும் பயனில்லை, ஆல்ட்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை.

புகையின் நிறத்தை நீங்கள் எழுதவில்லை. நீலமாக, காலையில் ஒரு வீச்சு வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். இரவில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கும். இந்த மிட்சுபிஷி இன்ஜினில் அது பழகிய வியாதிதான். எண்ணெய் அளவைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். மேடேறும்போதும் நீலப் புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங், செலவு பெரிது. கறுப்பு என்றால் கார்புரேட்டர் அல்லது சோக். குளிர் காலையில் சிறிது வெள்ளை ஆவி வந்து மறைவது நோயே அல்ல.

வால்வுகளை இன்ஜினின் சுழற்சியோடு இணைத்து இயக்கும் வாரான டைமிங் பெல்ட்டை மட்டும் அறிகுறி பார்த்து மாற்ற முடியாது. முந்திய சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள், தண்ணீர் பம்ப்பையும் சேர்த்து. இரண்டுக்கும் கழற்றும் கூலி ஒன்றுதான்.

நாளைக் காலையில், சாவியைத் தொடுவதற்கு முன், ரிசர்வ் பாட்டிலிலும் ரேடியேட்டரிலும் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, புகையின் நிறத்தையும் சேர்த்து எழுதுங்கள்.