பவேரியாவின் ஆல்பிரெக்ட், அண்ணனுக்காக ஹாலந்தை ஆண்டவர்: கேள்வி பதில்

இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்து நாடுகளான ஹாலந்து, ஸீலாந்து, ஹைனோ ஆகிய மூன்றையும் 1358 முதல் 1389 வரை, மனநிலை பாதித்த அண்ணனின் பெயரில் ஆண்டவர் ஆல்பிரெக்ட். அவரைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த வரைக்கும் அவர் நன்றாக ஆண்டார், தானே கோமகன் ஆன பிறகு சறுக்கினார்.

கேள்வி: ம்யூனிக்கில் பிறந்தவருக்கு ஹாலந்தில் என்ன வேலை?

அம்மா வழிச் சொத்து. அப்பா புனித ரோமப் பேரரசர் நான்காம் லூட்விக், அம்மா மார்கரெட் ஹாலந்து கோமகனின் மகள். 1345இல் ஹாலந்தை ஆண்ட தாய்மாமன் நான்காம் வில்லெம், வடக்கே கடலோரத்தில் வாழ்ந்த ஃப்ரீஸியர்களை அடக்கப் போய் வார்ன்ஸ் போரில் செத்துப்போனார், அவருக்குப் பிள்ளை இல்லை, அதனால் நாடு மார்கரெட் கைக்கு வந்தது. அப்புறம் அம்மாவுக்கும் மகன் ஐந்தாம் வில்லெமுக்கும் சண்டை. ஜெயித்தது மகன். அந்த மகன்தான் நம் ஆல்பிரெக்டின் அண்ணன்.

கேள்வி: அண்ணனுக்கு நிஜமாகவே பைத்தியமா, இல்லை தம்பி செய்த சூழ்ச்சியா சார்?

பலரும் இப்படித்தான் சந்தேகப்படுகிறார்கள், ஆனால் எனக்குச் சூழ்ச்சி என்று தோன்றவில்லை. 1357இல் இங்கிலாந்து போய்த் திரும்பிய பிறகு வில்லெமின் புத்தி பேதலித்தது, ஒரு வீரப்பிரபுவைத் தன் கையாலேயே கொன்றார். கடைசியில் ஹைனோவில் இருந்த லெ கெனுவா கோட்டையில் அடைத்தார்கள், 1389இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். தம்பிக்குப் பட்டத்தின் மேல்தான் கண் என்றால் 31 வருடம் வெறும் பொறுப்பாளர் என்ற பெயரோடு காத்திருப்பாரா? அண்ணன் உயிரோடு இருந்தவரை கோமகன் அண்ணன்தான்.

கேள்வி: தூண்டில் கட்சி, மீன் கட்சி என்று படித்தேன். யார் யார்?

அம்மாவும் மகனும் போட்ட சண்டையில் பிறந்த கட்சிகள். ஹூக் என்ற தூண்டில்காரர்கள் மார்கரெட் பக்கம் நின்ற பிரபுக்கள், காட் மீன்காரர்கள் வில்லெமுக்குக் கைகொடுத்த பிரபுக்களும் பல நகரங்களும். தலைமுறை தலைமுறையாக இது தொடர்ந்தது, பின்னாளில் ஒரு குடும்பம் எந்தப் பக்கம் என்பதற்குப் பழைய பகையைத் தவிர வேறு காரணமே இருக்காது.

ஆல்பிரெக்ட் வரும்போது அவருக்கு வயது 21. ஒதுக்கப்பட்டுக் கிடந்த தூண்டில்காரர்களுக்கும் பதவி கொடுத்தார், மீன்காரர்கள் கொதித்தார்கள். ஹாலந்தின் ஒரு பகுதியான கென்னமர்லாந்தின் புதிய அதிகாரியாகப் போன பிரெடரோடே பிரபுவை வழிமறித்துத் தாக்கினார்கள், தாக்கியவர்களுக்கு டெல்ஃப்ட் நகரம் துணைபோனது. 1359இல் அந்த நகரத்தை வாரக்கணக்கில் முற்றுகையிட்டுப் பணியவைத்து, பெரும் அபராதம் போட்டு, மதில்களையும் இடிக்கச் சொன்னார். கடுமைதான். ஆனால் அதன்பிறகு வெகுகாலம் பெரிய உள்நாட்டுச் சண்டை வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: பொறுப்பாளராக இருந்தபோது நன்றாக ஆண்டார் என்கிறீர்களே, எதை வைத்து?

அவருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். பட்டம் அவருடையது இல்லை. அண்ணி மாடில்டா லங்காஸ்டர் குடும்பத்துப் பெண், அவருக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள், இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டோ தன் மனைவி பிலிப்பா ஆல்பிரெக்டின் அம்மா மார்கரெட்டின் தங்கை என்பதால் பங்கு கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி இருக்கும்போது நகரங்களையும் பிரபுக்களையும் கூப்பிட்டுப் பேசி, இரண்டு கட்சியையும் அனுசரித்துத்தான் எதையும் செய்ய முடியும், அவர் அதைச் செய்தார். ஹேக்கை நிலையான தலைமையிடம் ஆக்கியதும், அரண்மனைத் தேவாலயத்துக்கு 1367இல் தனி குருமார் சபை அமைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

கல்யாண ராஜதந்திரம் தனிக் கதை. 1370இல் மகள் யொஹான்னாவைப் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) அரசர் வென்ஸலுக்குக் கொடுத்தார். 1385 ஏப்ரலில் காம்ப்ரேயில் இரட்டைக் கல்யாணம்: மகன் வில்லெமுக்குப் பிரான்சின் பெரிய கோமகன் குடும்பமான பர்கண்டிப் பெண், மகள் மார்கரெட்டுக்கு பர்கண்டி வாரிசு ஜான். கொண்டும் கொடுத்தும் செய்த சம்பந்தம், ஐரோப்பாவே பேசியது.

கேள்வி: அலைட் கொலை பற்றிச் சொல்லுங்கள் அண்ணா.

மனைவி மார்கரெட் 1386இல் இறந்த பிறகு அலைட் வான் பூல்கேஸ்ட் என்ற பெண் அவருக்கு நெருக்கமானார். மீன்காரர்கள் கை ஓங்கியது, அதற்கு அலைட்தான் காரணம் என்று தூண்டில்காரர்கள் பல்லைக் கடித்தார்கள். 1392 செப்டம்பர் 22 இரவு ஹேக்கில் அவரை வெட்டிக் கொன்றார்கள். தடுக்கப் போன அரண்மனை அதிகாரி வில்லெம் கூஸரும் செத்தார். சந்தேகம் சொந்த மகன் வில்லெம் மேலேயே விழுந்தது, அவர் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ஒரு பெண்ணைக் கொன்று அரசியல் செய்ததை எந்தக் கட்சி நியாயத்தைச் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது. ஆல்பிரெக்டின் தவறும் இதில் உண்டு: 30 வருடம் காத்துவந்த சமநிலையை அவரே கைவிட்டிருந்தார்.

கேள்வி: ஃப்ரீஸியப் படையெடுப்பு தேவைதானா?

இல்லை. அறுபது வயதில், 1396இல், தாய்மாமன் சாவுக்குக் கணக்குத் தீர்ப்பது போல, ஆங்கில, பிரெஞ்சு வீரர்களையும் சேர்த்துக்கொண்டு கப்பல் ஏறினார். அதற்குள் மகனோடு சமாதானம் ஆகிவிட்டது, மகனும் கூடவே போனார். போரில் ஜெயித்தார்கள், ஆனால் சதுப்பு நிலத்தில் நிலைத்து நிற்க முடியவில்லை. 1398இல் மறுபடியும் போனார்கள், சில வருடங்களில் பிடித்ததெல்லாம் கைநழுவியது. மிச்சம் கடன்தான். 1404 டிசம்பரில் ஆல்பிரெக்ட் இறந்தபோது, இரண்டாம் மனைவி கிளேவ் மார்கரெட் இரவல் உடையில் சவப்பெட்டிக்கு முன்னால் நடந்து, ஒரு வைக்கோல் துரும்பை எறிந்து, கடனோடு சேர்த்து சொத்துரிமையையும் துறந்தார் என்று சொல்வார்கள்.

கேள்வி: அவர் வம்சம் என்ன ஆனது?

மகன் ஆறாம் வில்லெம் 1417 வரை ஆண்டார், பிறகு பேத்தி ஜாக்கோபா. ஜாக்கோபாவிடமிருந்து 1433இல் நாட்டை வாங்கிக்கொண்ட பர்கண்டியின் பிலிப்பும் ஆல்பிரெக்டின் பேரன்தான், காம்ப்ரேயில் கட்டிக்கொடுத்த அந்த மகள் மார்கரெட் பெற்ற பிள்ளை.