மினி காருக்கு ஆர்ச் ஒட்டாம எத்தனை இன்ச் அகல ரிம் போடலாம்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னட்ட 1978ஆம் ஆண்டு மினி 1000 ஒண்டு நிக்குது. முன்னுக்கும் ட்ரம் ப்ரேக்தான், கம்பனி குடுத்த 3.5 இஞ்சி இரும்புச் சில்லு, 145/80 ஆர்10 ரயர். தெரிஞ்ச ஒருத்தர் 6 இஞ்சி அலாய் சில்லு நாலு மலிவா தாறன் எண்டு சொல்றார். ஆனா மட்கார்டுக்கு மேல அந்தக் கறுப்பு ப்ளாஸ்டிக் ஆர்ச் ஒட்டுறதில எனக்குத் துளியும் விருப்பமில்லை, பாடில ஓட்டை போடவும் மனசு வரேல்லை. ஆர்ச் இல்லாமல் எத்தனை இஞ்சி வரைக்கும் போகலாம்?
- ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: தம்பி, அது நிஜமாவே 6x10-ன்னா (6 இன்ச் அகலம், 10 இன்ச் விட்டம்) வேண்டாம்னு நைஸா சொல்லிடுங்க. ஆர்ச் ஒட்டாம 6 இன்ச் அந்த பாடிக்குள்ள அடங்காது. ரோட்டுல ஓட்ட 4.5, ரொம்ப ஆசையா இருந்தா 5, அதோட நிறுத்திக்கலாம். 5-லயும் எல்லா 5-ம் செட் ஆகாது, அது எப்படின்னு கீழ சொல்றேன்.

"நிஜமாவே"ன்னு எதுக்கு சொன்னேன்னா, விக்கிறவங்க பாதிப் பேரு ரிம்மோட வெளி விளிம்புலேர்ந்து வெளி விளிம்புக்கு டேப் வெச்சு அளந்துட்டு 6 இன்ச்னு சொல்லிடுவாங்க. ரிம் சைஸ்ங்கறது டயர் உள்ள உக்கார்ற ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கற அகலம்தான், ரெண்டு பக்க உதட்டையும் சேத்து அளந்தா கிட்டத்தட்ட ஒரு இன்ச் கூடத்தான் காட்டும். அதனால உங்க நண்பர் 6-ங்கறது உண்மையில 5-ஆ கூட இருக்கலாம். வீலைத் திருப்பிப் போட்டு பின்பக்கம் ஸ்போக்லயோ நடுவுலயோ 5J x 10 மாதிரி ஏதாவது அச்சு இருக்கான்னு பாருங்க, அழுக்கா இருந்தா கொஞ்சம் டீசல் போட்டு துடைச்சா தெரியும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். 3.5-லேர்ந்து 5-க்குப் போனா ஒன்றரை இன்ச், அதாவது 38 மி.மீ. அகலம் கூடுது. இந்த 38 உள்பக்கம் எவ்வளவு போகுது வெளிப்பக்கம் எவ்வளவு வருதுங்கறதுதான் எல்லாமே, இதைப் பாக்காம "5 போடலாமா"ன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. இதை அளக்க ஆஃப்செட் கணக்கெல்லாம் மண்டைக்குள்ள ஏத்த வேண்டாம், வீலை முகம் கீழ இருக்கற மாதிரி தரைல படுக்க வைங்க, மேல விளிம்புக்கு விளிம்பு ஒரு நேரான மரச்சட்டம் வைங்க, சட்டத்துலேர்ந்து ட்ரம்முல போய் ஒட்டற அந்த நடுத்தகடு வரைக்கும் எவ்வளவு ஆழம்னு அளங்க. பழைய வீலுக்கும் எடுங்க, புதுசுக்கும் எடுங்க, டயர் இல்லாத வெறும் ரிம்மா இருந்தா கணக்கு சுத்தமா வரும். புதுசுல ஆழம் 19 மி.மீ. கூட இருந்தா 38-ல பாதி உள்ள போயிடுச்சு, மீதி 19 வெளிய வருது. ஆழம் வெறும் 9தான் கூடியிருக்குன்னா 29 வெளிய வந்துடும். ரெண்டும் 5 இன்ச்தான், ஆனா ஒண்ணு அடங்கும் இன்னொண்ணு மட்கார்டை விட்டு எட்டிப் பாக்கும்.

அதுக்காக 19-னு பாத்தவுடனே பயந்துடாதீங்க. ரிம் 19 வெளிய வந்தா டயரும் 19 வராது. இப்ப உங்க ஒல்லி ரிம்ல 145 டயர் கன்னம் உப்பி ரிம்மைத் தாண்டி நிக்குது, 5 இன்ச்ல 165/70 ஆர்10 (165 மி.மீ. அகலம், அதுல 70 சதவீதம் பக்கவாட்டு உயரம், 10 இன்ச் ரிம்) போட்டா டயர் நல்லா விரிஞ்சு உக்காரும், உப்பல் குறைஞ்சிடும். பாதி பாதியா பிரிஞ்ச வீல்னா டயர் கன்னம் இப்ப இருக்கறதை விட ஒரு 10, 11 மி.மீ.தான் வெளிய வரும், அந்த இன்னொரு வீல்ல 20 சொச்சம். உயரத்தைப் பத்தி கவலையே வேண்டாம், 145/80 சுமார் 486 மி.மீ. விட்டம், 165/70 சுமார் 485, அதனால ஸ்பீடோமீட்டர் கியர் எதுவும் மாறாது.

அடுத்து உங்க வண்டியில எவ்வளவு இடம் இருக்கு? கொத்தனார் வெச்சிருக்கற தூக்குக்குண்டு மாதிரி ஒரு நூல்ல நட்டைக் கட்டி மட்கார்டு விளிம்போட உச்சியிலேர்ந்து தொங்க விடுங்க, நூலுக்கும் டயர் கன்னத்துக்கும் நடுவுல எத்தனை மி.மீ.னு நாலு வீல்லயும் எடுங்க. வண்டி சமதளத்துல நிக்கணும், ஸ்டீயரிங் நேரா இருக்கணும். நாலும் ஒரே மாதிரி வராது, 47 வருஷத்துக்கு மேல ஓடின வண்டி, எப்பவோ மட்கார்டு மாத்தி வெல்டு அடிச்சிருப்பாங்க. அதுல எது குறைச்சலோ அதுதான் உங்க கணக்கு, அதுலயும் ஒரு 5 மி.மீ. மிச்சம் விடுங்க.

மாட்டிப் பாக்க நண்பர் ரெண்டு வீல் கடன் குடுத்தார்னா டயரோட தோள்ல சாக்பீஸ் தடவிட்டு, நாலு ஆளை ஏத்தி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் ஃபுல்லா ஒடிச்சு மெதுவா ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குங்க. மினி சஸ்பென்ஷன்ல ஸ்பிரிங்குக்கு பதிலா ரப்பர் கோன், கையால அமுக்கிப் பாத்தா ஒண்ணும் தெரியாது, ஆள் வெயிட் வேணும். சாக்பீஸ் எங்க அழிஞ்சிருக்கோ அங்க இடிக்குது. பின் வீல்ல உள்பக்கத்தையும் குனிஞ்சு பாருங்க, எல்லாரும் வெளிப்பக்கத்தையே பாத்துட்டு உள்ள ஒரசறதை விட்டுடறாங்க.

உள்ள இடிக்குதுன்னு ஸ்பேசர் (வீலுக்கும் ட்ரம்முக்கும் நடுவுல வெக்கற தகடு) போட்டு வெளிய தள்ளற வேலை மட்டும் வேண்டாம். வீல் எவ்வளவு வெளிய போகுதோ அவ்வளவுக்கு பேரிங்குக்கு லோடு, ஸ்டீயரிங் கனம், பள்ளத்துல விழுந்தா கையில உதறல் எல்லாம் கூடும். என் ஓட்டு அதனாலதான் 4.5-க்கு. 1963-ல வந்த வேகமான மினி மாடல் கூப்பர் எஸ்-க்கே கம்பெனி ஆப்ஷனா குடுத்த அகல ரிம் 4.5தான், அதுலயும் 165/70 உக்காரும், பாக்கவும் அந்தக் காலத்து வண்டியாவே இருக்கும்.

இன்னும் சிலது. மினிக்கு நாலு போல்ட்டோட வட்டம் 101.6 மி.மீ. மத்த கார்களோட 100 மி.மீ. வீல் மாட்டற மாதிரியே இருக்கும், நட்டை இறுக்கினா உள்ளயும் போகும், ஆனா ஸ்டட் (நட்டு ஏறற போல்ட்) வளைஞ்சு நிக்கும், ஓடற ஓட்டத்துல நட்டு லூஸாகும், உயிருக்கு ஆபத்து. அலாய்க்கு நட்டும் வேற, சிலதுக்கு ஸ்டட்டே நீளமா மாத்தணும். பிற்காலத்துல முன் வீலுக்கு டிஸ்க் பிரேக் போடற ஐடியா இருந்தா அதை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் அளங்க, டிஸ்க் வந்தா முன் வீல் இன்னும் வெளிய தள்ளும், அதோட 1984-லேர்ந்து எல்லா மினியிலயும் வந்த 8.4 இன்ச் டிஸ்க் 12 இன்ச் வீலுக்கானது, உங்க 10 இன்ச்சுக்குள்ள போகாது. டயர் வாங்கும்போது பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்கத்தைப் படிங்க, 2319-னா 2019-ல 23ஆவது வாரம். 10 இன்ச் டயர் கடையில வருஷக்கணக்கா தூங்கும்.

உங்க ஊர்ல 40 வருஷம் தாண்டின, பெருசா எதுவும் மாத்தாத வண்டிக்கு எம்.ஓ.டி. (வருஷாந்திர வண்டிச் சோதனை) கட்டாயம் இல்லதான், ஆனா டயர் பாடிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா போலீஸ் பிடிக்கலாம். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட வீல் மாத்தினதை சொல்லிடுங்க, சொல்லலன்னா க்ளெய்ம் அப்ப அதையே காரணமா காட்டுவாங்க.

கேள்வி: சார், என்கிட்ட பழைய மாருதி 800 இருக்கு. 145/70 ஆர்12-க்கு பதிலா ஆல்ட்டோவோட 145/80 ஆர்12 டயர் போட்டா ரிம் மாத்தணுமா, மட்கார்டுல இடிக்குமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அகலம் ரெண்டும் 145தான், ரிம் மாத்த வேண்டாம், பக்கவாட்டுல இடிக்காது. உயரம்தான் பிரச்சினை. 70-ல விட்டம் சுமார் 508 மி.மீ., 80-ல 537, மேல 14 மி.மீ. இடம் குறையுது. நாலு பேரோட பள்ளத்துல இறங்கும்போது ஒரசுதான்னு மேல சொன்ன சாக்பீஸ் வேலையை நீங்களும் பண்ணிப் பாருங்க. மீட்டர் 60 காட்டும்போது நிஜத்துல 63-க்கு மேல போவீங்க, மேட்டுல இழுவையும் கொஞ்சம் குறையும். 70 கிடைக்கற வரைக்கும் அதையே வாங்குங்க, எங்கயுமே கிடைக்கலன்னா மட்டும் 80, அதுவும் நாலு வீலுக்கும் சேத்து. முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டுன்னு கலந்து போடாதீங்க.