போலீஸ் புகார் இல்லாவிட்டால் உதவித்தொகை கிடைக்காதா? – கேள்வி-பதில்

கணவரின் வன்முறை தாங்காமல் அவரைப் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போலீஸுக்குப் போகவே இல்லை. ஆதாரம் எதுவும் இல்லாமல் படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. போலீஸ் புகார் மட்டுமே ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் குடும்ப வன்முறையிலிருந்து மீண்ட பெண்களுக்கென்றே 'விமன்ஸ் இண்டிபென்டன்ஸ் ஸ்காலர்ஷிப் புரோகிராம்' இருக்கிறது. பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் அக்கா டோரிஸ் பஃபெட் 1999-இல் ஆரம்பித்தது. அங்கே முக்கியமாகக் கேட்பது, குடும்ப வன்முறைக்கு உதவும் தொண்டு நிறுவனம் ஒன்றின் பரிந்துரை. ஆகவே, முதலில் தட்ட வேண்டிய கதவு கல்லூரி அல்ல, அப்படிப்பட்ட நிறுவனத்தின் ஆலோசனை மையம். "நான் காப்பகத்தில் தங்கியதில்லையே" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து ஆலோசனைக்குப் போய்வந்தாலும் அது அங்கே பதிவாகியிருக்கும்.

பரிந்துரைக் கடிதம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "இவர் நல்ல பெண், உதவுங்கள்" என்று எழுதினால் தேறாது. "மார்ச் மாதத்திலிருந்து வாராவாரம் ஆலோசனைக்கு வருகிறார், நர்சிங் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது, மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறார்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தோடு தரும் கட்டுரையில் பட்டதையெல்லாம் எழுத வேண்டுமா? எழுத உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது.

வேண்டாம். இரண்டு மூன்று வரி போதும்: திருமணத்துக்குப் பிறகு படிப்பு எப்படி நின்றது, எப்போது வெளியே வந்தீர்கள், அவ்வளவுதான். மீதி இடத்தில் எந்தப் படிப்பு, எத்தனை வருடம், முடித்தால் என்ன வேலை, பணம் எங்கே இடிக்கிறது என்பதையெல்லாம் சொல்லுங்கள். காயத்தின் ஆழத்தை அளந்து பணம் தருகிற குழு எங்காவது இருந்தால், அது என் மதிப்பில் நல்ல குழு அல்ல.

'வன்முறையிலிருந்து மீண்டவர்களுக்கு' என்று தேடினால் சிலதுதான் வருகிறது.

தேடும் சொல்லை மாற்றுங்கள். குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் பெண், தனித்தாய், இடைவெளிக்குப் பின் படிப்பவர் என்று தேடினால் வாசல்கள் கூடும். பெண்கள் முன்னேற்றத்துக்கான 'சோரோப்டிமிஸ்ட்' அமைப்பு 1972 முதல் நடத்தும் விருது (இப்போதைய பெயர் 'லிவ் யுவர் ட்ரீம்') இந்த வகைதான். குடும்பத்தின் பணச்சுமையைப் பிரதானமாகத் தாங்குகிற பெண்களுக்கானது; தொழிற்பயிற்சிக்கும் இளநிலைப் பட்டத்துக்கும் உண்டு, முதுநிலைக்குக் கிடையாது. அந்தப் பணத்தைப் புத்தகம், பஸ் செலவு, குழந்தைக் காப்பகக் கட்டணம் எதற்கும் செலவழிக்கலாம். கல்விக் கட்டணத்துக்கு மட்டும் தரும் பெரிய தொகையைவிட, இப்படிக் கையில் வரும் சின்னத் தொகைதான் பலரைப் பாதியில் நிற்காமல் காப்பாற்றும்.

நான் எந்தக் கல்லூரியில் சேர்ந்தேன் என்று கணவருக்குத் தெரிந்துவிடுமோ?

இந்தப் பயம் நியாயமானது. புதிய மின்னஞ்சல் தொடங்குங்கள்; அதன் மீட்பு எண்ணாகப் முன்பு இருவரும் பயன்படுத்திய எண்ணைக் கொடுக்காதீர்கள். அவர் தொட்ட போனில் விண்ணப்பத்தைத் திறக்க வேண்டாம். தபால் முகவரிக்கு ஆலோசனை மையத்தையே கொடுக்கலாமா என்று கேளுங்கள். அப்புறம், பலர் மறப்பது: விருது பெற்றவர்களின் பெயரையும் படத்தையும் வெளியிடும் பழக்கம் பல அமைப்புகளுக்கு உண்டு. பணம் வந்தபின் கூச்சப்பட்டுச் சொல்வதைவிட, விண்ணப்பத்திலேயே "பாதுகாப்புக் காரணமாக என் பெயர், படம், கல்லூரி எதையும் வெளியிட வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். கல்லூரி அலுவலகத்திலும், யார் போன் செய்தாலும் உங்கள் விவரத்தைத் தரக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். பணம் இல்லாதவருக்கு உதவ வந்தவர் முதலில் பணம் கேட்கிறார் என்றால், விலகிவிடுங்கள்.

வெளி உதவித்தொகை கிடைத்தது. உடனே கல்லூரி தான் தந்த கட்டணச் சலுகையைக் குறைத்துவிட்டது. இது சரியா?

பல கல்லூரிகளின் விதியே அப்படித்தான். ஆனால் பேச இடம் உண்டு. நிதி உதவி அலுவலகத்தில் "சலுகையைத் தொடாமல், நிதி உதவியில் கடனாக உள்ள பகுதியை முதலில் குறையுங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். மறுத்தால் உதவித்தொகை தந்தவரிடம் போய், அந்தத் தொகையைக் கட்டணத்துக்கு அனுப்பாமல் குழந்தைப் பராமரிப்புக்கோ அடுத்த பருவத்துக்கோ மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கல்லூரிக்குப் பணம் போய்ச் சேர்வதற்கு முன்பே கேட்பது நல்லது.