கேளுங்கள், கேட்கலாம்: பன்னிரண்டு நிமிட இரைச்சல்

கேள்வி: பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக் குழுவின் இரண்டாவது ஆல்பம் 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' அவசியம் கேட்க வேண்டியது என்று எழுதியிருந்தீர்கள். நம்பிக் கேட்டேன். ஆல்பத்தின் பெயரையே தாங்கிய பாட்டில், பன்னிரண்டு நிமிடமும் யாரோ பாத்திரங்களை உருட்டுகிறார்கள். பாட்டு எங்கே ஐயா?

பதில்: இதே கேள்விதான் 1968இல் அந்தக் குழுவில் மிஞ்சிய நால்வரின் தலையிலும் விழுந்தது. பாட்டு எழுதுகிற ஆளே போய்விட்டார்!

1967 ஆகஸ்டில் வெளியான முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் சிட் பாரெட் எழுதியவை. குழுவின் கிட்டாரும் குரலும் முகமும் அவர்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் பழக்கமும் மனநலக் குலைவும் சேர்ந்து, மேடையில் கிட்டாரை மீட்டாமல் வெறுமனே நிற்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டன. 1968 ஜனவரியில் டேவிட் கில்மோரைச் சேர்த்துக்கொண்டு சில நாட்கள் ஐந்து பேராக வாசித்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் போகிற வழியில் சிட்டை வண்டியில் ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டார்கள். அவரை விலக்கிய விதம் இதுதான். எனக்கு இன்றும் இது உறுத்தும்.

மிச்சமிருந்தவர்களில் ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் லண்டனில் கட்டடக்கலை படித்தவர்கள். சிட் எழுதியது போன்ற மூன்று நிமிடப் பாட்டு அவர்களுக்குக் கைவரவில்லை. வரைபடம் போடுவது கைவந்தது. ஒரு தாளை எடுத்து மேடும் பள்ளமுமாகக் கோடு இழுத்தார்கள். ஓசை இங்கே ஏற வேண்டும், இங்கே உச்சத்துக்குப் போக வேண்டும், இங்கே அடங்க வேண்டும். சுரம் எழுதவில்லை, ராகம் பிடிக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தே வாசித்தார்கள். உங்களைப் படுத்திய பன்னிரண்டு நிமிடம் அப்படி உருவானது.

இன்னொரு முறை கேளுங்கள், இந்த முறை கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதல் நான்கு நிமிடம் ஆர்கனும் சிம்பலும் (ட்ரம்ஸில் உள்ள வட்டத் தகடு) ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொள்கின்றன. பிறகு மேசனின் ட்ரம்ஸ் தொடங்குகிறது. ஒரே துண்டை நாடாவில் பதிந்து வட்டமாகச் சுற்றவிட்டதால்தான் அந்த அடி களைப்பே இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு மேலே கிறீச்சிடுகிறதே ஒன்று, அது கில்மோரின் கிட்டார். தரையில் படுக்கப் போட்டு, மைக் ஸ்டாண்டின் காலைக் கழற்றி, அந்த இரும்புத் துண்டால் தந்திகளின் மேல் இழுத்திருக்கிறார். நீங்கள் சொன்ன பாத்திரச் சத்தம் முக்கால்வாசி இதுதான். ஏழு நிமிடத்துக்குப் பிறகு எல்லாம் ஓய்ந்து ஓர் உறுமல் மட்டும் மிஞ்சும். எட்டரை நிமிடத்தை ஒட்டி ரிச்சர்ட் ரைட்டின் ஆர்கன் மெதுவாக நுழையும். கடைசியில் சொற்களே இல்லாமல் குரல்கள் எழும்பும். போருக்கு முந்தைய பதற்றம், போர், செத்தவர்களுக்கான இரங்கல் என்று கில்மோர் இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். விளக்கம் இல்லாமலும் எனக்கு அந்தக் கடைசி மூன்று நிமிடம் போதும். ஆனால் முன்னால் உள்ள எட்டரையைத் தாண்டிக் குதித்து அங்கே போய் விழுந்தால் அது சாதாரண ஆர்கன் வாசிப்பு, அவ்வளவுதான்.

மற்றபடி ஆல்பம் முழுவதும் தங்கம் என்று நான் சொல்லவில்லை. 'சீ-சா' என்ற பாட்டுக்கு, 'நான் கேட்டதிலேயே அலுப்பூட்டும் பாட்டு, இன்னும் இரண்டைத் தவிர' என்ற பொருளில் அவர்களே தற்காலிகப் பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கேள்வி: அப்படியானால் இந்த ஆல்பத்தில் சிட் பாரெட் இல்லவே இல்லையா?

பதில்: இருக்கிறார். ஐவரும் இடம்பெற்ற ஒரே ஆல்பம் இது. கடைசிப் பாட்டான 'ஜக்பேண்ட் ப்ளூஸ்' அவர் எழுதிப் பாடியது. நடுவில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பித்தளை வாத்தியக் குழு ஒன்று திடீரென்று புகும். அவரவர் மனம் போனபடி வாசிக்கட்டும் என்றாராம் சிட். தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித்துக்கு, எழுதிக் கொடுத்ததை வாசித்தால்தான் நிம்மதி. பாட்டைத் தொடங்கும்போதே, தன்னை இங்கே இருப்பவனாக நினைத்ததற்கு நன்றி சொல்கிறார் சிட். மரியாதையாகத்தான் சொல்கிறார். குத்துகிறது.

கேள்வி: ட்ரம்ஸ் கற்றுக்கொள்கிறேன். நிக் மேசன் அப்படியொன்றும் பெரிய வித்தகர் இல்லை என்கிறார் என் ஆசிரியர். சரியா?

பதில்: விரல்வேகத்தை வைத்துச் சொன்னால் சரி. இதே ஆல்பத்தில் 'ரிமெம்பர் எ டே' பாட்டுக்கு வேண்டிய தாளம் மேசனுக்குப் பிடிபடாமல், நார்மன் ஸ்மித்தே உட்கார்ந்து வாசித்தார். ஆனால் 'செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்' கேளுங்கள். குச்சியை வைத்துவிட்டு, நுனியில் பஞ்சு சுற்றிய கோலால் டாம்களை (ட்ரம்ஸில் கனத்த ஓசை தரும் முழவுகள்) மட்டும் உருட்டுகிறார். ஜாஸ் கலைஞர் சிக்கோ ஹாமில்டனிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கே அடிக்கக்கூடாது என்று தெரிந்த கை அது. (பாட்டின் வரிகளில் சில, சீனத்து டாங் காலக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வாட்டர்ஸ் எடுத்தவை.) இதை உங்கள் ஆசிரியரிடம் போட்டுக் காட்டுங்கள். சண்டை வேண்டாம்.

கேள்வி: இரண்டாவது ஆல்பத்தில் சோதனை செய்தால் விற்காது என்பார்களே?

பதில்: இது பிரிட்டனில் ஒன்பதாவது இடம் வரை போயிற்று. அதே 1968இல் வந்த, வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம் 'வைட் லைட்/வைட் ஹீட்' அமெரிக்கப் பட்டியலில் 199ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. எது சிறந்தது என்று என்னிடம் கேட்டால், வாரத்துக்கு ஒரு பதில் சொல்வேன்.

கேள்வி: ஹெட்ஃபோனில் கேட்டால் நல்லதா, ஒலிபெருக்கியிலா?

பதில்: பிங்க் ஃபிளாய்டுக்கு எதுவானாலும் சரி, சத்தத்தைக் குறைக்காதீர்கள். மேலே சொன்ன வெல்வெட் அண்டர்கிரவுண்ட் ஆல்பத்தில் 'த கிஃப்ட்' என்ற இரண்டாவது பாட்டுக்கு மட்டும் ஹெட்ஃபோன் கட்டாயம். ஸ்டீரியோ பதிப்பில் ஒரு காதில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஜான் கேல் முழுச் சிறுகதை ஒன்றைப் படிக்கிறார், மறுகாதில் குழு வாசிக்கிறது. கதை மட்டும் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தைக் கழற்றுங்கள். கதை அலுத்தால் மறுபக்கத்தை.