பழைய பைத்தானுக்கு ஆதரவை நிறுத்துவது: லைப்ரரி பராமரிப்பவர்களுக்கான கேள்வி பதில்

செல்வி: சார், எங்க லைப்ரரி இன்னும் பைத்தான் 3.9-ஐ ஆதரிக்குது. எப்ப நிறுத்தலாம்?

அடுத்த மைனர் வெளியீட்டிலேயே நிறுத்தலாம். ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் பைத்தான் குழு ஐந்து வருடம் திருத்தம் தருகிறது. 3.9-க்கு அது 2025 அக்டோபரோடு முடிந்தது. அறிவியல் தொகுப்புகள் இன்னும் சீக்கிரம் விடுகின்றன: நம்பை குழுவின் நெப் 29 என்ற பரிந்துரையில் 42 மாதம், பிறகு அறிவியல் தொகுப்புகளுக்குப் பொதுவாக வந்த ஸ்பெக் 0-ல் மூன்று வருடம். எந்தக் கணக்கை எடுத்தாலும் ரீட்மியில் எழுதி வையுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு முறையும் சண்டை வராது.

கார்த்தி: எங்க லைப்ரரியோட 2.0-ல பைத்தான் 3.8-ஐ விட்டோம். எந்தப் பைத்தான்ல நிறுவலாம்னு சொல்ற ரிக்வயர்ஸ்-பைத்தான் வரியைப் போட மறந்துட்டு 2.0.1-லதான் சேர்த்தோம். ஆனாலும் 3.8 ஆட்கள் சின்டாக்ஸ் எரர்னு இஷ்யூ போட்டுக்கிட்டே இருக்காங்க. ஏன்?

நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 3.8-ல் இருப்பவர் பிப் இன்ஸ்டால் அடிக்கிறார் (பிப் என்பது பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி). பிப் 2.0.1-ஐப் பார்க்கிறது, ‘3.9 அல்லது அதற்கு மேல்’ என்றிருக்கிறது, தாண்டுகிறது. அடுத்த புதியது 2.0.0. அதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதையே நிறுவிவிடுகிறது.

பிப் தொகுப்புகளை எடுக்கும் தளமான பைபிஐ-யில் போய் 2.0.0-ஐ யாங்க் செய்யுங்கள், அதாவது அழிக்காமல் ‘இதை எடுக்காதே’ என்று குறியிடுங்கள். அதன்பின் 3.8 ஆட்களுக்கு 1.x-இன் கடைசி வெளியீடு தானாகக் கிடைக்கும். இரட்டைச் சமக்குறி போட்டு 2.0.0-ஐயே கேட்டவர்களுக்கு அது தொடர்ந்து கிடைக்கும். அழிக்காதீர்கள். அழித்தால் அவர்களுடைய பில்டு உடையும். அதே பெயரில் கோப்பை மறுபடி ஏற்றவும் பைபிஐ விடாது.

இனி வெளியிடும் முன், வீலை (நிறுவத் தயாரான தொகுப்புக் கோப்பு) அன்ஜிப் செய்து உள்ளே மெட்டாடேட்டா கோப்பில் ரிக்வயர்ஸ்-பைத்தான் வரி சரியா என்று கண்ணால் பாருங்கள். வெளியிட்டதும் பழைய பைத்தானில் ஒரு வெர்ச்சுவல் சூழல் உருவாக்கி நிறுவிப் பாருங்கள். பழைய வெளியீடு வந்தால் சரி.

ரஹ்மான்: 3.10 எப்ப நிறுத்தலாம்?

அதே ஐந்து வருடக் கணக்கு. 2026 அக்டோபர்.

மீனா: ஒரு ஃபங்ஷனை டெப்ரிகேட் பண்ணி, அதாவது இனி நீக்கப்போறோம்னு அறிவிச்சு, எச்சரிக்கையும் போட்டேன். ஒரு வருஷமா யார் கண்ணிலும் படலைங்கிறாங்க.

எச்சரிக்கை யாருடைய வரியைச் சுட்ட வேண்டும் என்று சொல்லும் எண்ணான ஸ்டாக்லெவலைக் கொடுத்தீர்களா? டெப்ரிகேஷன்வார்னிங் வகை எச்சரிக்கையைப் பைத்தான் இயல்பாகவே மறைத்துவிடும். நேரடியாக ஓட்டும் ஸ்கிரிப்டில் எழுந்தால் மட்டும் காட்டும். ஸ்டாக்லெவல் தராவிட்டால் அதன் இயல்பு மதிப்பு 1. அப்போது எச்சரிக்கை உங்கள் லைப்ரரியின் வரியைச் சுட்டும், ஆகவே மறைந்துபோகும். 2 கொடுத்தால் அழைத்தவரின் வரியைச் சுட்டும். இடையில் டெக்கரேட்டர் உறை இருந்தால் 3. சோதனைக் கருவியான பைடெஸ்டும் சோதனை முடிவில் இவற்றைத் தொகுத்துக் காட்டும்.

செய்தியில் நான்கு விஷயம் வேண்டும்: எது போகிறது, எப்போதிலிருந்து, பதிலாக எது, எந்தப் பதிப்பில் நீங்கும். ‘லோட்_ரா 2.4 முதல் டெப்ரிகேட் ஆகிறது, 3.0-ல் நீக்கப்படும், லோட்-ஐப் பயன்படுத்தவும்’ என்றால் போதும். ‘விரைவில் நீக்கப்படும்’ என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். நிரலாளர் அல்லாத பயனருக்கும் தெரிய வேண்டுமென்றால் ஃபியூச்சர்வார்னிங்; அது இயல்பாகவே தெரியும்.

ஜோசப்: பைத்தான் இல்லாம, ஜாவாஸ்கிரிப்ட் நோட் பேக்கேஜை டெப்ரிகேட் பண்ண என்ன செய்யணும்?

என்பிஎம் டெப்ரிகேட் கட்டளை. நிறுவும்போது உங்கள் செய்தியைக் காட்டும். மற்றதை நோட் பராமரிப்பவர்களிடம் கேளுங்கள்.

பிரபு: ரிக்வயர்ஸ்-பைத்தான்ல கீழ் வரம்பு மாதிரி மேல் வரம்பும் போட்டா பாதுகாப்புதானே? ‘3.14-க்குக் கீழ்’னு வச்சா, சோதிக்காத பைத்தான்ல யாரும் நிறுவ முடியாது.

நிறுவ முடியும், அதுவும் மோசமாக. கார்த்திக்கு நடந்ததேதான் இங்கும். 3.14-ல் பிப் உங்கள் 2.3-ஐத் தாண்டி, மேல் வரம்பு இல்லாத 2.2-க்குப் போகும். இன்னும் பழைய, இன்னும் சோதிக்காத நிரலை அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

பிரபு: முதல் வெளியீட்டிலேர்ந்தே போட்டிருந்தா?

அப்போது பிப் பின்னால் போகாது, பொருந்தும் பதிப்பு இல்லை என்று நின்றுவிடும். ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் புதுப் பைத்தான் வரும்போது, உங்கள் நிரல் ஒரு எழுத்து மாறாமல் ஓடினாலும், நீங்கள் மறுவெளியீடு செய்யும்வரை யாரும் நிறுவ முடியாது. பொயட்ரி என்ற சார்பு மேலாண்மைக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு தொல்லை: உங்களைச் சார்ந்த திட்டமும் அதே வரம்பைப் போட்டால்தான் அது பதிப்புகளைத் தீர்த்துத் தரும்.

தமிழரசன்: அண்ணா, பிரபு சொல்றதுல நியாயம் இருக்கு. எங்களுது சி எக்ஸ்டென்ஷன், சி மொழியில எழுதி கம்பைல் பண்றது. புதுப் பைத்தான்ல இருநூறு வரி கம்பைலர் பிழை வருது. பயனருக்கு ஒண்ணும் புரியலை.

உங்கள் சிக்கல் உண்மையானது. ஆனால் தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது. 3.13-க்குக் கட்டிய வீல் 3.14-க்குப் பொருந்தாது, ஆகவே பிப் மூல நிரல் தொகுப்பை எடுத்து, அதைக் கட்டும் ஸ்கிரிப்டான செட்டப்.பை-யை ஓட்டும். அங்கேயே பதிப்பைப் பார்த்து, ‘3.14-க்கு இன்னும் ஆதரவில்லை’ என்று ஒரே வரியில் பிழை எழுப்பி நிறுத்துங்கள். பிப் அந்தப் பிழையோடு நிற்கும், பழைய வெளியீட்டுக்கு நழுவாது.

பிரபு: ஒத்துக்கறேன். ஆனா ஏற்கெனவே வரம்போட வெளியிட்டதை?

ஏற்றிய கோப்பின் மெட்டாடேட்டாவை மாற்ற முடியாது. வரம்பை எடுத்துவிட்டு 2.3.1 வெளியிடுங்கள். 2.3-ஐ அப்படியே விடுங்கள், யாங்க் தேவையில்லை.

கவிதா: 3.9-ஐ எப்ப நிறுத்தலாம்?

முதல் பதில்.

முருகன்: பைத்தான் 2-க்கே தேதியைத் தள்ளினாங்களே. நாங்களும் தள்ளலாமா?

2015 என்றிருந்ததை 2014-ல் 2020-க்குத் தள்ளினார்கள். பைத்தானின் கலெக்ஷன்ஸ் மாட்யூலில் இருந்த சில பழைய பெயர்களும் 3.9-ல் போக வேண்டியவை, 3.10-ல்தான் போயின. ஒருமுறை தள்ளலாம். அதற்குள் எந்தெந்தச் சார்புத் திட்டம் மாறியிருக்க வேண்டும் என்ற பட்டியலோடு அறிவியுங்கள். அவற்றில் பெரியவற்றுக்கு நீங்களே புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். பட்டியல் இல்லாமல் தள்ளினால் புதுத் தேதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சுதா: ஆதரவு நின்ன பழைய வெளியீடுகளை பைபிஐ-லேர்ந்து எடுத்துடலாமா? இடம் மிச்சமாகுமே.

கூடாது. பழைய பைத்தானில் இருப்பவருக்குப் பிப் கொடுப்பது அவற்றைத்தான். பாதுகாப்புக் குறை உள்ளதென்றால் யாங்க் செய்து, காரணத்தை எழுதுங்கள். நிறுவும்போது பிப் அந்தக் காரணத்தைக் காட்டும்.